“முதல் பாதி அவங்களுக்கு... ரெண்டாவது பாதி எங்களுக்கு!” - அருள்புரத்தில் மறுபடியும் ‘பாய்ஸ்’

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டின் பொது வாசல். கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் ஒரு செல்போன், தண்ணீர்க் குடத்தில் சாய்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். தலைக்குக் குளித்து ஈரம் காயாத பெண்கள், மடியில் குழந்தையோடு ஒருவர், லுங்கியில் இரண்டு அண்ணன்கள், பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்.

செல்போனில் ‘பாய்ஸ்’ ஓடுகிறது. செந்தில் வரும் காட்சி. பசியோடு நிற்கும் பையன்களிடம், எந்தக் கோயிலில் எப்போது போனால் என்ன கிடைக்கும் என்று பட்டியல் போட்டுச் சொல்வாரே... அதேதான்! மீம்ஸில் ஆயிரம் முறை பார்த்த காட்சி. இருந்தாலும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா, தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். “சிரிங்க, சிரிங்க. நாங்க இந்த ஊருக்கு வந்த புதுசுல இந்த மாதிரி லிஸ்ட்டு எனக்கும் மனப்பாடம்.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. படம் ஓடிக்கொண்டே இருந்தது.

பழைய படங்கள் எல்லாம் மறுபடியும் தியேட்டருக்கு வரும் காலம் இது. “2003-ல அத்தனை திட்டு வாங்கின ‘பாய்ஸ்’ படத்தை இப்போ பார்க்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா” என்று எங்கள் டெஸ்க்கில் சொன்னார்கள். சென்னையில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் நின்றிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால், அந்தப் படம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வெளியே வந்தவர்களின் கதை. அப்படி வந்தவர்கள் நிறைய பேர் இருக்கும் ஊரில் கேட்டால் என்ன என்று தோன்றியது. திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் பஸ் ஏறி அருள்புரத்தில் இறங்கியது அதனால்தான்.

சாலையின் இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், சந்துக்குச் சந்து லைன் வீடுகள். தேனி, மதுரை, திருநெல்வேலி, திருவாரூர் என்று பல ஊர்த் தமிழும், கூடவே இந்தியும் ஒடியாவும் கேட்கிறது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, அப்புறம் ஒரு படம். இதுதான் இங்கே பலருக்கு வாரக் கடைசி.

பேசியவர்கள் எல்லோரும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். “பேர் மட்டும் வேண்டாம் கண்ணு.” எனவே இந்தக் கட்டுரையில் யாருக்கும் பெயர் கிடையாது. அவரவர் பார்க்கும் வேலைதான் பெயர்.

அந்த வருடம் என்ன நடந்தது?

இன்றைய காலேஜ் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ‘பாய்ஸ்’ வெளியானது 2003 ஆகஸ்ட் மாதக் கடைசியில். ‘முதல்வன்’ எடுத்த ஷங்கர், அர்ஜுன், கமல் மாதிரி பெரிய ஹீரோ யாரையும் போடாமல், முழுக்க இளசுகளை வைத்து எடுத்த படம். ஏ.எம்.ரத்னம் தயாரிப்பு, சுஜாதா வசனம், ரவி கே.சந்திரன் கேமரா, ஏ.ஆர்.ரஹ்மான் இசை. சித்தார்த், பரத், நகுல், மணிகண்டன், தமன் என ஐந்து பையன்கள். ஜெனிலியா ஹீரோயின். அண்ணன் மாதிரி கூடவே சுற்றும் மங்களமாக விவேக்.

கதை இரண்டு துண்டு. முதல் பாதியில், பெண்கள் பின்னால் அலையும் ஐந்து பையன்கள், அவர்கள் வாழ்க்கையில் வரும் ஹரிணி, அவளுக்கும் முன்னாவுக்கும் காதல். பெற்றோருக்குத் தெரிந்து பிரச்னை வெடிக்கிறது. காதலர்களும் நண்பர்களும் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். இரண்டாம் பாதியில் வாடகை, சாப்பாடு, படிப்பு, சம்பாத்தியம். கடைசியில் ஒரு பாட்டுக் குழு. நடுவில் பொடா சட்டத்தில் கைது, ஒரு நண்பனின் மரணம் என்று கதை எங்கெங்கோ போய், மேடையில் வந்து முடியும்.

படம் வந்ததும் தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. ஆபாசம், இரட்டை அர்த்த வசனம் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. பிரபல வார இதழ் ஒன்றின் விமர்சனம் ஒரே ஒரு சொல்லில் முடிந்துபோனது. அது பாராட்டுச் சொல் இல்லை! சுஜாதாவா இப்படி எழுதினார் என்று அவருடைய வாசகர்களே வருத்தப்பட்டார்கள். இன்னொரு பக்கம், தெலுங்கில் டப் ஆகிப் போன படத்தை அங்கே உள்ளவர்கள் கொண்டாடினார்கள். பாட்டு மட்டும் எந்தச் சண்டையிலும் சிக்காமல் எல்லா டீக்கடையிலும் ஒலித்தது. 

வந்தபோது முகம் சுளிக்க வைத்துவிட்டு, பல வருடம் கழித்துச் செல்லம் ஆகும் படங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஹாலிவுட்டில் 1990-ல் ஜானி டெப் நடித்து ‘க்ரை பேபி’ என்று ஒரு படம் வந்தது. தோல் ஜாக்கெட் போட்ட ரவுடிப் பையன், வசதியான வீட்டுப் பெண், பாட்டு, ஆட்டம், ஓவர் ஆக்டிங் என்று வேண்டுமென்றே எல்லாவற்றையும் தூக்கலாக வைத்து ஜான் வாட்டர்ஸ் எடுத்த படம். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. பிறகு வீடியோவில் பார்த்துப் பார்த்தே ரசிகர்கள் சேர்ந்து, 2008-ல் அது பிராட்வே மேடை நாடகமாகவும் ஆனது. ‘பாய்ஸ்’ படத்துக்கு மேடை நாடகம் வரவில்லை. மீம்ஸ் வந்தது!

“கேசட் தேய்ஞ்சு போச்சுங்க!”

முதலில் பேசியவர் ஒரு கட்டிங் மாஸ்டர். பல்லடம் பக்கத்து ஊர்க்காரர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

“ஏனுங்க அம்மணி, அந்தப் படத்தை நான் மொத வாரமே பார்த்தவனுங்க. அப்ப எனக்கு இருபது வயசு. கட்டிங் டேபிள்ல ஹெல்பர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் நாலு பேரு சேர்ந்து திருப்பூர்ல போய்ப் பார்த்தோம். பாட்டுக் கேசட்டை வாங்கிக் கம்பெனில போட்டு விட்டோம்னா, ராத்திரி ஷிப்ட்டு போறதே தெரியாதுங்க. கேசட் தேய்ஞ்சு போச்சு, அப்படிக் கேட்டோம்!”

படம் பிடித்ததா என்று கேட்டால், சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். “அப்ப புடிச்சுதுங்க. பொய் சொல்லக் கூடாது. மொத பாதிக்கு விசிலடிச்சவன்தான் நானு. இப்ப என்ற பையன் டிப்ளமோ படிக்கிறான். போன மாசம் அவன் செல்லுல இந்தப் படத்தைப் பார்த்துட்டு இருந்தான். நானும் உக்காந்தேன். பத்து நிமிஷம் இருக்க முடியலைங்க. எந்திரிச்சு வெளிய போயிட்டேன். கூச்சமாப் போச்சு. அன்னைக்கு எங்க அய்யன் ‘என்ன கருமம் புடிச்ச படம்’னு திட்டினாரு. அன்னைக்கு அவரு சொன்னதை இன்னைக்கு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.”

பையனைத் திட்டினீர்களா?

“எப்படிங்க திட்டறது? நீ எத்தனை வாட்டி பார்த்தேன்னு அவன் திருப்பிக் கேட்டான்னா?”

பக்கத்தில் இருந்த இளைஞர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர். பேக்கிங்கில் வேலை. அருள்புரம் வந்து நாலு வருடம் ஆகிறது. தமிழ் நன்றாகவே வருகிறது. “எங்க ஊர் ஆந்திரா பார்டர் அக்கா. நான் தெலுங்குல பார்த்தேன். சின்ன வயசுல, டிவியில. அது தமிழ்ப் படம்னே இங்க வந்துதான் தெரியும். எனக்கு அஞ்சு பேரும் ஒரே ரூம்ல இருக்கிறது பிடிக்கும். நாங்களும் ரூம்ல ஆறு பேர். ஒருத்தனுக்கு ஜுரம்னா அஞ்சு பேர் சம்பளத்துல மருந்து வரும். அது படத்துல கரெக்டா இருக்கு” என்கிறார்.

“பின்னாடி சுத்துறது ஹீரோயிசமா?”

ஓவர்லாக் மெஷினில் இருக்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு ‘பாய்ஸ்’ சுத்தமாகப் பிடிக்கவில்லை. திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்.

“பாட்டு சூப்பர்க்கா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா, மொத அரை மணி நேரம் அந்தப் பசங்க பண்றதை ஒரு பொண்ணா உக்காந்து பாருங்க. பஸ்ல இடிக்கிறது, உத்து உத்துப் பார்க்கிறது, கமென்ட் அடிக்கிறது... நான் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ஹாஸ்டலுக்கு நடந்து போறப்ப இதைத்தான் அனுபவிக்கிறேன். அதைப் பார்த்து நான் எப்படிச் சிரிக்க முடியும்?”

காதலை நிரூபிக்க முன்னா அண்ணா சாலையில் உடம்பில் துணியில்லாமல் ஓடும் காட்சி வந்தபோது, அவர் செல்போனை வாங்கி ஓட்டிவிட்டுவிட்டார். “அவ ஏதோ விளையாட்டாச் சொல்றா. இவன் உடனே ஓடுறான். அதைப் பார்த்து அவளுக்குக் காதல் வந்துடுது. ‘நீ சரின்னு சொல்லாட்டி நான் இப்படிப் பண்ணிடுவேன்’னு சொல்ற பசங்களை எங்க ஊர்லயும் பார்த்திருக்கேன். பயமாத்தான் இருக்கும். காதல் எல்லாம் வராது.”

அவருக்குப் பக்கத்தில் இருந்த செக்கிங் பெண் மறுத்துப் பேசினார். “அடியேய், அதுல ஹரிணியைப் பாரு. வீட்டை விட்டு வந்ததுக்கு அப்புறம் அவ அழுதுட்டே மூலையில உக்காரலையே. பசங்களோட சரிசமமா நிக்கிறா. அந்தக் காலத்துப் படத்துல ஹீரோயின் பாட்டுக்கு வருவா, போவா. இவ அப்படி இல்லைல்ல?”

“நிக்கிறா சரி. ஆனா, படத்துக்குப் பேரே ‘பாய்ஸ்’தானே. ‘பாய்ஸ் அண்ட் ஹரிணி’ன்னா வெச்சாங்க?”

இந்தக் கேள்விக்கு வாசலில் யாரிடமும் பதில் இல்லை.

“மெஷின் தெரியுமான்னு கேட்டாங்க... சாதி கேட்கலை!”

இப்போது வெங்காயம் உரித்த அக்காவிடம் வருவோம். செக்கிங் வேலை. தேனி மாவட்டம். வந்தது 2004-ல். வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர். இருவரும் வேறு வேறு சாதி.

“நானும் அவரும் ‘பாய்ஸ்’ படத்தை ஒண்ணாப் பார்க்கலை பாப்பா. அப்போ ஒண்ணா ஒரு பஸ் ஸ்டாப்புல நிக்கவே பயம். அவர் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குக் கதை சொன்னார். ‘அவங்க வீட்டை விட்டு வந்து எப்படியோ பொழைச்சிடறாங்க. நாமளும் பொழைச்சுக்கலாம்’னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அடுத்த வருஷம் பஸ் ஏறினேன்” என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தார். “படத்தைப் பார்த்து யாரும் கெட்டுப்போக மாட்டாங்கன்னு சொல்றாங்க. நான் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. கதை கேட்டே கெட்டுப்போனேன்!”

கோயிலில் தாலி கட்டிய மறுநாள் திருப்பூர். ஏன் திருப்பூர்?

“எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு, ஓடிப்போனா திருப்பூர்னு. இங்க வந்து இறங்கினா, ‘எந்த மெஷின் தெரியும்’னுதான் கேட்பாங்க. சாதி கேட்க மாட்டாங்கன்னாங்க. கம்பெனில நிஜமாவே கேட்கலை. வீடு பார்க்கப் போனப்பத்தான் கேட்டாங்க. ‘நீங்க என்ன ஆளுங்க?’ன்னு நாலு வீட்டுல கேட்டாங்க. அஞ்சாவது வீட்டுல அவரோட சாதியையே எனக்கும் சொல்லிட்டேன். அந்தப் பொய்யோட மூணு வருஷம் அந்த லைன் வீட்டுல இருந்தேன்.”

முதல் வாரம் சம்பளம் வரவில்லை. மெஷின் பழகும் வரை பிசிறு வெட்டும் வேலைதான். கையில் இருந்த பணம் வீட்டு அட்வான்ஸுக்குப் போய்விட்டது. “அப்பத்தான் எந்தக் கோயில்ல என்னைக்கு அன்னதானம்னு கணக்கு வெச்சுக்கிட்டேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் நடந்தே போவோம். சாமி கும்பிடப் போற மாதிரியே போவோம். செந்தில் அந்த லிஸ்ட்டைச் சொல்றப்ப தியேட்டரே சிரிச்சுதுன்னு அவர் சொன்னார். எனக்கு அந்த சீனைப் பார்க்கிறப்ப எல்லாம் புளியோதரை வாசம் வரும்.”

‘பாய்ஸ்’ பற்றி அருள்புரத்தில் நான் கேட்ட விமர்சனங்களிலேயே முக்கியமானது அடுத்து அவர் சொன்னதுதான். “மெட்ராஸ்ல இருக்கிறவங்க அந்தப் படத்தோட மொத பாதியை வெச்சுச் சண்டை போட்டாங்க. ஆபாசம், அசிங்கம்னு. சரிதான், அசிங்கம்தான். ஆனா, ரெண்டாவது பாதியைப் பத்தி யாரும் பேசலை. பதினெட்டு வயசுல வீட்டை விட்டு வந்த ரெண்டு பிள்ளைங்க மறுநாள் காலையில என்ன சாப்பிடும்னு அந்தப் படம் கேட்டுச்சுல்ல? மொத பாதி அவங்களுக்கு... ரெண்டாவது பாதி எங்களுக்கு!”

“அதுலயும் ஒரு பொய் இருக்கு பாப்பா. அவங்க பாட்டுப் பாடிப் பெரிய ஆள் ஆயிடறாங்க. எங்களுக்கு யாரும் ரஹ்மான் மியூசிக் போடலை. ஒன்றரை ஷிப்ட்தான் போட்டாங்க.”

மறுநாள் காலை என்ன ஆகும்?

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. தமிழ் சினிமாவில் இளசுகளின் காதல் புதிது இல்லை. 1981-ல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது. கார்த்திக், ராதா இருவருக்கும் அதுதான் முதல் படம். பூணூலும் சிலுவையும் கழன்று விழ, காதலர்கள் ஊரை விட்டு நடப்பதோடு படம் முடிந்துவிடும். அவர்கள் எங்கே போனார்கள், யார் வீடு கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. 2002-ல் வந்த ‘துள்ளுவதோ இளமை’யில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடினார்கள். தனுஷ் அறிமுகமான படம். அதற்கும் ‘இதெல்லாம் ஒரு படமா’ என்ற திட்டு குறைவில்லாமல் கிடைத்தது.

‘பாய்ஸ்’ வந்த அடுத்த வருடமே, 2004 டிசம்பரில், ‘காதல்’ வந்தது. ஷங்கர் தயாரிப்பு, பாலாஜி சக்திவேல் இயக்கம். ஹீரோ, ‘பாய்ஸ்’ ஐவரில் ஒருவரான அதே பரத். மதுரை மெக்கானிக் பையனும் பள்ளி மாணவியும் சென்னைக்கு ஓடி வருகிறார்கள். தங்க இடம் தேடி அலைகிறார்கள். பெண்ணின் குடும்பம் தேடி வந்து பிரிக்கிறது. அடித்து, மனநிலை பாதிக்கப்பட்டு, அந்தப் பையன் தெருவில் அலைவதைப் பார்த்துத் தமிழ்நாடு அழுதது. ஒரே தயாரிப்பாளர் - இயக்குநரின் பெயர் சம்பந்தப்பட்ட இரண்டு படங்கள். ஒன்றில் ஓடிப்போனவர்கள் மேடையேறினார்கள். இன்னொன்றில் தெருவுக்கு வந்தார்கள்.

கட்டிங் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “சினிமாவை விடுங்க அம்மணி. நம்ம மாவட்டத்துலயே நடந்துதே, உடுமலைல.”

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் உயிரிழந்தார். கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. உடுமலை, திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சாதி கேட்காத வேலை கிடைக்கும் இதே மாவட்டத்தில்!

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2018-ல், சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. வயது வந்த இருவர் விரும்பித் திருமணம் செய்துகொள்ள குடும்பத்தின் சம்மதமோ சமுதாயத்தின் சம்மதமோ தேவையில்லை. மிரட்டல் இருந்தால் அவர்களைப் பாதுகாப்பது காவல்துறையின் கடமை. மாவட்டம்தோறும் இதற்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்றது. ஒன்றை மட்டும் இளம் வாசகர்கள் மனதில் வைக்க வேண்டும். சட்டப்படி திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. சினிமாவில் வயது பார்க்காமல் தாலி கட்டலாம். நிஜத்தில் அப்படி முடியாது. வீட்டில் அடி, மிரட்டல், கட்டாயக் கல்யாணம் என்று ஏதாவது பிரச்னை என்றால் பெண்கள் 181, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

அந்த ஐவர் இன்று

திட்டு வாங்கிய படத்தின் பிள்ளைகள் யாரும் அதோடு காணாமல் போய்விடவில்லை. மணி ரத்னத்திடம் உதவி இயக்குநராக இருந்து நடிக்க வந்த சித்தார்த், தமிழ், தெலுங்கு, இந்தி என்று சுற்றிவிட்டு 2023-ல் ‘சித்தா’வில் எல்லோரையும் அழ வைத்தார். நகுல் ‘காதலில் விழுந்தேன்’ ஹீரோ ஆனார். ஜெனிலியா ‘சச்சின்’, ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ படங்களால் இன்றும் நம் வீட்டுப் பெண். குண்டுப் பையனாக டிரம்ஸ் வாசித்த தமன் நிஜமாகவே இசையமைப்பாளர் ஆகி, ‘அல வைகுண்டபுரமுலோ’ படத்துக்காகத் தேசிய விருது வாங்கிவிட்டார். “பாட்டுப் பாடிப் பெரிய ஆள் ஆயிடறாங்க” என்று அக்கா சொன்னது, ஒருவர் விஷயத்திலாவது பலித்துவிட்டது!

வசனம் எழுதிய சுஜாதாவும் மங்களமாக வந்த விவேக்கும் இன்று நம்மோடு இல்லை.

“உங்களுக்கு மட்டும் சரியாம்மா?”

படம் முடியும் நேரம். வாசலில் வெயில் இறங்கிவிட்டது. அக்காவின் மகள்தான் அந்தப் பிளஸ் டூ பெண். அதுவரை எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னிடம் திரும்பினாள்.

“அக்கா, என்கிட்ட கேட்கவே இல்லையே நீங்க?”

சொல்லு.

“எனக்குப் படம் புடிச்சிருக்கு. மொத பாதி மொக்கை. கிரிஞ்ச். ரெண்டாவது பாதி ஓகே. ஆனா, ஒரு சந்தேகம். இவங்க எல்லாரும் வீட்டை விட்டு வந்தப்புறம்தான் உழைக்கிறாங்க, பாடுறாங்க, பெரிய ஆள் ஆகுறாங்க. அதை வீட்டுல இருந்தே பண்ண விட்டிருந்தா ஏன் ஓடப் போறாங்க? யாரும் அந்த அப்பா அம்மாக்களைத் திட்டவே இல்லையே. படம் வந்தப்ப டைரக்டரைத்தானே எல்லாரும் திட்டினாங்க?”

அக்கா மகளையே பார்த்தார். அவள் விடவில்லை. “சொல்லும்மா. நான் யாரையாவது புடிச்சிருக்குன்னு வந்து சொன்னா, உங்களுக்கு மட்டும் சரி, எனக்குத் தப்புன்னு சொல்வியா?”

லைன் வீட்டு வாசலே அமைதியாகிவிட்டது. உரித்து முடித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் அக்கா பேசினார்.

“எங்க அப்பா செத்தப்ப என்னை வாசல்ல நிக்க வெச்சுட்டாங்க. உள்ள விடலை. முகத்தைக்கூடத் தூரத்துல இருந்துதான் பார்த்தேன். உங்க அப்பாகிட்டகூட நான் இதை முழுசாச் சொன்னதில்லை. ஓடி வந்ததுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை பாப்பா. ஆனா, ஓடித்தான் வரணும்னு ஆச்சே, அதுக்குத் தினமும் வருத்தப்படறேன். நீ படிச்சு முடி. உன் சம்பளத்தை நீ வாங்கு. அப்புறம் யாரைப் புடிச்சாலும் மொதல்ல என்கிட்ட வந்து சொல்லு. ராத்திரி பஸ் ஏறுற நிலைமையை உனக்கு நான் வைக்க மாட்டேன்.”

“எந்த ஆளுங்களா இருந்தாலுமா?”

“எந்த ஆளுங்களா இருந்தாலும்.”

மகள் சிரித்தாள். பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, நீங்க?”

இருபது வருடங்களுக்கு முன்னால் ‘பாய்ஸ்’ படக் கதையைச் சொல்லி ஒரு பெண்ணைப் பஸ் ஏற்றியவர் அவர்தான். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் செல்போனைப் பார்த்தார். பெயர்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தன. குடத்தில் சாய்ந்திருந்த செல்போனை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

“தண்ணி வர்ற நேரமாச்சு” என்றபடி காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பொதுக் குழாய்ப் பக்கம் நடந்தார்.

“பதில் சொல்லாமப் போறாரு பாருங்கக்கா” என்றாள் மகள்.

“வரட்டும். தண்ணி புடிச்சுட்டு இங்கதானே வரணும்” என்றார் அம்மா. “இந்த வாட்டி நானும் கேட்கறேன்.”